பட்டறையில் பழுப்புப் புகையைச் சுவாசித்த தம்பி: நைட்ரஜன் டைஆக்சைடு நுரையீரலை என்ன செய்கிறது?

கேள்வி: அல்சூர் வாசகி

பெங்களூரு நகர்த்தபேட்டையில் உள்ள ஒரு நகைப் பட்டறையில் என் தம்பி பல ஆண்டுகளாக வேலை செய்கிறான். பழைய நகைகளை உருக்கி, வெள்ளி சேர்த்து, மெல்லிய தகடாக்கி, திராவகத்தில் போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுப்பது அவனுடைய பொறுப்புகளில் ஒன்று. இந்த வேலையை வழக்கமாக மொட்டை மாடியில்தான் செய்வார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு மாலை கனமழை பெய்ததால், கீழே உள்ள சிறிய அறையிலேயே நைட்ரிக் அமிலத்தைக் காய்ச்சியிருக்கிறார்கள். சன்னலும் சாத்தியிருந்தது. வழக்கத்தைவிட அதிகமான உலோகத்தை ஒரே பாத்திரத்தில் போட்டதால் பழுப்பு நிறப் புகை அறை முழுவதும் நிறைந்துவிட்டது. தங்கத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வர மனமில்லாமல், ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, ஏறக்குறைய கால் மணி நேரம் அவன் உள்ளேயே இருந்திருக்கிறான்.

வெளியே வந்ததும் கொஞ்சம் இருமினான், கண் எரிந்தது, அவ்வளவுதான். பட்டறை முதலாளி பால் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டிற்கு வந்து எல்லோருடனும் உட்கார்ந்து நன்றாகவே சாப்பிட்டான். நள்ளிரவுக்குப் பிறகுதான் மூச்சுத் திணறல் தொடங்கியது. இருமும்போது நுரை வந்தது, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள் முதலில் நிமோனியா என்றார்கள். திராவகப் புகையைப் பற்றி நான் சொன்ன பிறகுதான் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் கொடுத்து, சில நாட்களில் வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்திற்குக் கொடுத்த மாத்திரையும் முடிந்துவிட்டது.

இப்போது நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொல்கிறான். மாடி ஏறினால் மட்டும் இளைக்கிறது. வேலைக்குத் திரும்பும்படி பட்டறையிலிருந்து அழைக்கிறார்கள். புகையைச் சுவாசித்ததற்கும் மூச்சுத் திணறல் வந்ததற்கும் நடுவில் ஏன் இத்தனை மணி நேர இடைவெளி இருந்தது? வந்தது முழுவதும் போய்விட்டதா? வேதிப்பொருளால் நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கக் கூடாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதனால் தீங்கு ஏதேனும் நேர்ந்திருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: நெஞ்சக மருத்துவர், ஜெயநகர்

சகோதரி, மற்ற விளக்கங்களுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி வேலைக்குப் போகக் கூடாது. இந்த வாரத்திற்குள், முடிந்தால் நாளைக்கே, அவரை ஒரு நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், புதிய இருமல், அதிகமாகும் இளைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் நாளை வரை கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த வாயுவின் நஞ்சு இரண்டு முறை தாக்கக்கூடியது. முதல் தாக்குதலிலிருந்து மீண்டவர்களில் சிலருக்கு, இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் இரண்டாம் தாக்குதல் வருகிறது. நீங்கள் சொல்லும் கணக்குப்படி அவர் இப்போதுதான் அந்தக் காலத்திற்குள் நுழைகிறார். மாடி ஏறும்போது இளைக்கிறது என்பதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இனி உங்கள் முதல் கேள்வி. பழுப்புப் புகையில் இருப்பது நைட்ரஜன் டைஆக்சைடு. நுரையீரலைத் தாக்கும் வாயுக்களின் போக்கைத் தீர்மானிப்பதில் அவை தண்ணீரில் எவ்வளவு எளிதாகக் கரைகின்றன என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. அம்மோனியா மிக எளிதாகக் கரையும். ஆகவே கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்திலேயே அது கரைந்து, தாங்க முடியாத எரிச்சலை உண்டாக்கி, மனிதரை அந்த இடத்தை விட்டு உடனே ஓடச் செய்துவிடும். அந்த எரிச்சலே ஒரு பாதுகாப்பு. நைட்ரஜன் டைஆக்சைடு அவ்வாறு எளிதில் கரைவதில்லை. மேல் மூச்சுப் பாதையில் சிறிதளவே தங்கி, பெரும்பகுதி கீழே இறங்கி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள கடைசி நுண்குழல்களையும் அவற்றுக்கு அப்பால் உள்ள காற்று நுண்ணறைகளையும் சென்றடைகிறது. சிறிய இருமலோடும் கண் எரிச்சலோடும் அவரால் கால் மணி நேரம் உள்ளே நிற்க முடிந்ததற்குக் காரணம் இதுதான். புகை குறைவாக இருந்ததால் அவருக்கு எரிச்சல் குறைவாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

நுண்ணறைகளின் உட்பரப்பை மூடியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், குளுட்டதயோன் போன்ற காப்புப் பொருள்கள் உள்ளன. குறைந்த அளவு வாயுவை அவை சமாளித்துவிடும். அளவு மிகும்போது அவை தீர்ந்துபோகின்றன. நைட்ரஜன் டைஆக்சைடு இயல்பிலேயே ஒரு தனி உறுப்பு, அதாவது இணையற்ற ஓர் எலக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறு. அது செல் சவ்வுகளில் உள்ள கொழுப்புகளை ஆக்சிஜனேற்றம் செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பரவும் சிதைவைத் தொடங்கிவைக்கிறது. ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்து நைட்ரிக், நைட்ரஸ் அமிலங்களாகவும் மாறுகிறது. இவற்றால் முதலில் அழிபவை நுண்குழல்களில் சளியையும் தூசியையும் மேலே தள்ளும் பிசிர் செல்களும், நுண்ணறைச் சுவரின் பெரும்பரப்பை மூடியிருக்கும் தட்டையான முதல் வகைச் செல்களும் ஆகும். அந்தச் சுவர் காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கிறது. அதன் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. செல்கள் இறந்து, அழற்சி செல்கள் வந்து சேர்ந்து, சுவரின் கசிவுத் தன்மை படிப்படியாகக் கூடி, இரத்தத்திலுள்ள நீர் நுண்ணறைக்குள் புகுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கிறது. இந்த இடைவெளி பொதுவாக 3 முதல் 30 மணி நேரம் வரை இருக்கலாம். உங்கள் தம்பி வீட்டிற்கு வந்து சாப்பிட்டது அந்த நேரத்தில்தான். அவர் நலமாகத் தெரிந்தாலும் உள்ளே அது நீறு பூத்த நெருப்பாகவே இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் அது இயல்பாகவே இருந்திருக்கக்கூடும். இதனால்தான் அடர்ந்த பழுப்புப் புகையைச் சுவாசித்த எவரையும், எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குறைந்தது ஒரு முழு நாள் மருத்துவக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம். அந்த நேரத்தில் நடப்பது, மாடி ஏறுவது, பாரம் தூக்குவது எல்லாமே நிலையை மோசமாக்கும்.

இது புதிதாகத் தெரிந்துகொண்ட செய்தியும் அல்ல. 1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையின் அடித்தளத்தில் வைத்திருந்த நைட்ரோசெல்லுலோஸ் எக்ஸ்ரே படச்சுருள்கள் எரிந்தபோது 123 பேர் இறந்தார்கள். அந்தப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருந்தன. தாமாகவே நடந்து வெளியே வந்து, தமக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர்களில் சிலர் மணிக்கணக்கில் கழித்து இறந்தது அந்த நிகழ்ச்சியின் மிகத் துயரமான பகுதி.

இரண்டாம் தாக்குதலைத் தெளிவாக விவரிக்க உதவியவை அமெரிக்கப் பண்ணைகள். மாட்டுத் தீவனத்திற்காக மக்காச்சோளத்தைக் கொட்டிவைக்கும் உயரமான கலங்களில், புளிப்பின் முதல் சில நாட்களில் இதே வாயு உண்டாகிறது. உள்ளே இறங்கியவர்களுக்கு நேர்ந்ததை 1956-இல் மினசோட்டாவைச் சேர்ந்த லோரி, ஷூமன் ஆகிய இருவரும் ஒரு தனி நோயாக விவரித்தார்கள். முதலில் இருமலும் இளைப்பும் வருகின்றன. பின்னர் இரண்டு, மூன்று வாரங்கள் ஏறக்குறைய நலமாக இருக்கிறார்கள். அதன் பின் காய்ச்சலோடு மூச்சுத் திணறல் திரும்புகிறது. சிதைந்த நுண்குழல்கள் ஆறும்போது, வடுத் திசு உள்நோக்கி வளர்ந்து குழலையே அடைத்துவிடுவதுதான் இதற்குக் காரணம். இந்த நிலைக்குப் பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிட்டரன்ஸ் என்று பெயர். எல்லோருக்கும் இது வருவதில்லை. முதல் தாக்குதல் லேசாக இருந்தவர்களுக்கும் வரக்கூடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஆக்சிஜனைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னது வேறொரு நஞ்சுக்கு உரியது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி நுரையீரல் செல்களுக்குள் சேர்ந்து, அங்குள்ள ஆக்சிஜனையே திரும்பத் திரும்பச் சூப்பர்ஆக்சைடு என்ற, செல்களைச் சிதைக்கும் பொருளாக மாற்றிக்கொண்டிருக்கும். ஆகவே அதற்கு மட்டும், உயிரைக் காக்கத் தேவைப்படும் அளவுக்கு மேல் ஆக்சிஜன் கொடுக்கத் தயங்குவோம். நைட்ரஜன் டைஆக்சைடுக்கு அந்த விதி பொருந்தாது. நீர் கோத்த நுரையீரலுக்கு ஆக்சிஜன்தான் முதல் சிகிச்சை. உங்கள் மருத்துவர்கள் செய்தது சரியே. பாலைப் பொறுத்தவரை, அது இரைப்பைக்குப் போகிறது, வாயு சென்ற இடத்திற்குப் போவதில்லை. தீங்கில்லை என்றாலும், பால் குடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது பெருந்தீங்கு.

மறுமொழி 2: வேதிப் பொறியாளர், பீனியா

மருத்துவர் நோயை விளக்கிவிட்டார். அந்த அறையில் எவ்வளவு வாயு இருந்திருக்கும் என்பதை நான் ஒரு கணக்காகச் சொல்ல விரும்புகிறேன். இதை உங்கள் தம்பியும் பட்டறை முதலாளியும் படிப்பது நல்லது.

தங்கத்தைப் பிரிக்க வழக்கமாக ஒரு பங்கு தங்கத்திற்கு மூன்று பங்கு வெள்ளி சேர்ப்பார்கள். 10 கிராம் தங்கத்திற்கு 30 கிராம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அடர் நைட்ரிக் அமிலத்தில் அந்த வெள்ளி முழுவதும் கரைந்தால், ஏறக்குறைய 13 கிராம் நைட்ரஜன் டைஆக்சைடு வெளிவரும். நீளம், அகலம், உயரம் எல்லாம் 3 மீட்டராக உள்ள ஓர் அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். அடைத்த அறையில் அந்த 13 கிராமும் பரவினால், ஒரு கன மீட்டருக்கு 480 மில்லிகிராம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 250 பங்கு (250 பிபிஎம்) என்பதைவிடச் சற்று அதிகமாக இருக்கும். அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் இந்த வாயுவுக்கு வகுத்துள்ள, உயிருக்கு உடனடி ஆபத்து என்ற அளவு 13 பிபிஎம். திராவகத்தில் தண்ணீர் கலந்திருந்தது, கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறியது என்றெல்லாம் கழித்துக் காற்பங்குதான் தங்கியது என்று கொண்டாலும், 60 பிபிஎம்-க்கு மேல் வருகிறது. இதெல்லாம் பத்தே கிராம் தங்கத்திற்கு. வழக்கத்தைவிட அதிக உலோகம் போட்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இது கணக்கு மட்டுமே, அளந்து பார்த்ததல்ல. ஆனால் வேதியியலின் சமன்பாடு பெரிய பட்டறைக்கும் சிறிய பட்டறைக்கும் ஒன்றுதான்.

நீர் கலந்த திராவகத்தில் பழுப்புப் புகை வராது என்று ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அதில் முதலில் பெரும்பாலும் நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடு வருகிறது. பாத்திரத்திற்கு மேலே காற்றைத் தொட்டதும் அதுவும் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு வாயுவாகிவிடுகிறது. பாத்திரத்தின் வாயில் நிறமில்லை என்பதால் புகையே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. மேலும், இந்த வினை தானாகவே வேகம் பிடிக்கும் தன்மையுடையது. வினையில் உண்டாகும் நைட்ரஸ் அமிலமே வினையைத் தூண்டுகிறது, வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. முதல் இரண்டு நிமிடங்கள் அமைதியாக இருந்த பாத்திரம் திடீரென்று பொங்கிப் புகை கக்குவது இதனால்தான். உலோகத்தை மொத்தமாகப் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

அடர்த்தியைக் குறித்து இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ள வேண்டும். இந்த வாயுவில் செறிவும் நேரமும் ஒன்றுக்கொன்று ஈடாவதில்லை. குறைந்த செறிவில் நீண்ட நேரம் இருப்பதைவிட, அதே மொத்த அளவை அதிகச் செறிவில் சிறிது நேரம் சுவாசிப்பது நுரையீரலை மிகுதியாகச் சிதைக்கிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. வினை முடிந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து குனிந்து பார்க்கும் அந்த ஒரு கணம், அறையில் ஒரு மணி நேரம் இருந்ததைவிட மோசமாக அமையலாம்.

ஈரக் கைக்குட்டை பயனற்றது. மருத்துவர் சொன்ன அதே காரணம்தான்: தண்ணீரில் எளிதில் கரையாத வாயுவை ஈரத்துணி எப்படித் தடுக்கும்? அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் தூசிக்கான என்-95 கவசமும் வாயுவைத் தடுப்பதில்லை. வண்ணப் பூச்சுக்காரர்கள் அணியும் கரிப் பெட்டிக் கவசமும் இதற்கு உரியதன்று. ஐரோப்பியத் தரத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கென்றே நீலமும் வெள்ளையும் பட்டையிட்ட வடிகட்டி உண்டு. அதை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. எந்தப் பட்டறையும் அதை அன்றாடம் வாங்கப் போவதில்லை. ஆகவே கவசத்தை நம்புவதைவிடப் புகையைப் பிடித்து வெளியேற்றுவதே வழி.

அதற்கு, மூடிய கண்ணாடி முகப்புள்ள புகைக்கூடு, அமிலம் அரிக்காத பி.வி.சி. அல்லது பாலிப்ரொப்பிலீன் குழாய், அதன் வழியில் காஸ்டிக் சோடாக் கரைசல் தெளிக்கும் கழுவு கோபுரம் ஆகியவை வேண்டும். தகரக் குழாய் வைத்தால் விரைவில் ஓட்டை விழும். வெறும் தண்ணீரில் கழுவுவது போதாது. தண்ணீரில் மூன்று பங்கு வாயு கரையும்போது ஒரு பங்கு மீண்டும் நைட்ரிக் ஆக்சைடாக வெளியே வந்து, காற்றில் பழுப்பாகிவிடும். காஸ்டிக் சோடாவோடு ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் பிடிப்பு கூடுகிறது. கோபுரத்தில் உள்ள நீரின் காரத் தன்மை குறையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இயந்திரத்தைப் பொருத்திவிட்டுக் கரைசலை மாற்றாமல் விட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே புகை அறையை விட்டுத் தெருவுக்குப் போகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

மறுமொழி 3: பத்தர், சிக்பேட்டை

சகோதரி, உங்கள் தம்பி விரைவில் நலமடைய வேண்டும். நானும் இதே தொழிலில் தலைமுறையாக இருப்பவன். பொறியாளர் ஐயா சொல்லும் கண்ணாடிக் கூடும் கழுவு கோபுரமும் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் இருக்கின்றன. மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்யும் வாடகை அறையில் அதை அமைக்கக் கட்டட உரிமையாளரே ஒப்புக்கொள்ளமாட்டார். அதனால் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். திராவக வேலையை எங்கள் பட்டறையில் செய்வதையே நிறுத்திவிட்டு, உருக்கிய கட்டியை, முறையான புகைப்போக்கியும் உரிமமும் உள்ள சுத்திகரிப்பாளரிடம் கொடுத்து வாங்குகிறோம். கூலி போகிறது, சேதாரத்தில் கொஞ்சம் இழப்பு வருகிறது. ஆனால் பையன்கள் யாரும் அந்தப் புகைக்குள் நிற்பதில்லை. சின்னப் பட்டறைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு சந்தேகத்தை மருத்துவரிடம் கேட்க விரும்புகிறேன். எங்கள் தொழிலில் மூத்தவர்கள் பலர், இந்தப் புகை பழகிவிட்டால் ஒன்றும் செய்யாது, புதியவர்களுக்குத்தான் இருமல் வரும் என்று சொல்வார்கள். அவர்கள் எழுபது வயது வரை வேலை செய்தும் இருக்கிறார்கள். இதில் உண்மை ஏதேனும் உண்டா?

மறுமொழி 4: நெஞ்சக மருத்துவர், ஜெயநகர்

பத்தர் ஐயா, நீங்கள் எடுத்த முடிவு மிகச் சரியானது. பழக்கத்தைப் பற்றிய கேள்விக்கு விடை இரண்டு பகுதியாக இருக்கிறது. மூக்கு பழகிவிடுவது உண்மை. இந்த வாயுவின் காரமான மணம் ஒரு பிபிஎம்-க்கும் குறைந்த அளவிலேயே தெரியத் தொடங்கும். தொடர்ந்து முகர்ந்துகொண்டிருப்பவருக்கு அந்த உணர்வு மழுங்கிப்போகும். ஆகவே பழகியவருக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை.

நுரையீரலைப் பொறுத்தவரை, எலிகளில் செய்த ஆய்வுகள் ஒரு விளக்கம் தருகின்றன. தட்டையான முதல் வகைச் செல்கள் அழிந்ததும், கனசதுர வடிவிலான இரண்டாம் வகைச் செல்கள் இரண்டு, மூன்று நாட்களுக்குள் பெருகி அந்த இடத்தை மூடுகின்றன. இவை வாயுவை ஓரளவு அதிகமாகத் தாங்கும். ஆனால் தடித்த அந்தச் செல்கள் மூடிய சுவர் வழியாக ஆக்சிஜன் எளிதாகக் கடக்க முடியாது. தாங்கும் ஆற்றல் என்று நாம் எண்ணுவது நுரையீரல் தன் வேலைத் திறனைக் கொடுத்து வாங்கிய ஒன்று. சிறிய அளவில் நீண்ட காலம் சுவாசித்தால் மூச்சுக்குழல் அழற்சியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதன் தீவிரமும் கூடுகின்றன. பிசிர் செல்களும் கிருமிகளை விழுங்கும் செல்களும் நலிவதால் தொற்றுகள் எளிதில் வருகின்றன. எழுபது வயது வரை வேலை செய்தவர்களை நாம் பார்க்கிறோம். இடையில் மூச்சு வாங்கித் தொழிலை விட்டு ஊருக்குப் போனவர்கள் நம் கண்ணில் படுவதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வியாளர்: அல்சூர் வாசகி

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் சொன்னபடி மறுநாளே தம்பியை அழைத்துச் சென்றோம். ஓய்வில் இருக்கும்போது ஆக்சிஜன் அளவு 96 இருந்தது. ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள், 89-க்கு இறங்கிவிட்டது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். குழாயில் ஊதி மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் சிறிது அடைப்பு இருப்பதாகச் சொல்லி, சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்து, ஸ்டீராய்டு மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள், பல வாரங்களுக்கு. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போது இவ்வளவு நாள் ஸ்டீராய்டு எதற்கு என்று வீட்டில் எல்லோரும் தயங்குகிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவனுக்கும் வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

மறுமொழி 5: நெஞ்சக மருத்துவர், ஜெயநகர்

உடனே அழைத்துச் சென்றது நல்லதாகப் போயிற்று. நடக்கும்போது ஆக்சிஜன் இறங்குவதும், ஸ்பைரோமெட்ரியில் அடைப்பு தெரிவதும், எக்ஸ்ரே இயல்பாக இருப்பதும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. அடைபடும் குழல்கள் எக்ஸ்ரேயில் தெரிய முடியாத அளவுக்குச் சிறியவை. சி.டி. ஸ்கேனில், மூச்சை முழுவதும் வெளியே விட்ட நிலையிலும் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடைத்த குழல்களுக்குப் பின்னால் சிக்கிய காற்று, மூச்சை விட்ட நிலையில் எடுத்த படத்தில்தான் கரும் திட்டுகளாகத் தெளிவாகத் தெரியும். மூச்சை இழுத்த நிலையில் மட்டும் எடுத்தால் தவறிவிடக்கூடும்.

ஸ்டீராய்டைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்த நஞ்சுக்கு ஸ்டீராய்டு எந்த அளவு பயன் தருகிறது என்பதைப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் வழியாக யாரும் நிறுவவில்லை. அப்படி ஓர் ஆய்வை இந்த அரிய நிலையில் நடத்துவதும் கடினம். தனித்தனி நோயாளிகளின் பதிவுகளில், ஸ்டீராய்டு தொடங்கியதும் இரண்டாம் தாக்குதல் தணிந்ததையும், சீக்கிரம் நிறுத்தியபோது நோய் திரும்பியதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவேதான் ஏறக்குறைய எட்டு வாரங்கள் வரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது வழக்கமாக இருக்கிறது. உங்கள் மருத்துவர் செய்வது அந்த வழக்கத்தை ஒட்டியதே. வீட்டில் உள்ளவர்களின் பயத்தால் இடையில் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அதனால் நுரையீரல் மட்டுமன்றி, உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பும் தடுமாறும். குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வாரம் ஒரு முறையாவது இரத்தச் சர்க்கரை பார்க்கட்டும்.

மருத்துவரிடம் பேசும்போது இன்னொன்றையும் குறிப்பிடுங்கள். இந்த வாயு இரத்தத்தின் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனை ஏந்திச் செல்ல முடியாத மெத்ஹீமோகுளோபினாகவும் மாற்றக்கூடும். அதனால் விரலில் மாட்டும் கருவி முதல் நாளில் தவறான எண்ணைக் காட்டியிருக்கலாம். இப்போது இத்தனை நாள் கழித்து அது ஒரு பொருட்டல்ல, 89 என்பதை நம்பலாம். ஆனால் இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், தமனி இரத்தத்தில் அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு மெத்திலீன் புளூ என்ற மாற்று மருந்து இருக்கிறது. நிம்ஹான்ஸ் அருகில் உள்ள ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் மருத்துவ நிலையம் அரசு மருத்துவமனை. செலவு பாரமாக இருந்தால் நீங்கள் தொடர் சிகிச்சைக்கு அங்கே விசாரிக்கலாம்.

மறுமொழி 6: வேதிப் பொறியாளர், பீனியா

மருத்துவச் சீட்டில் ஒரு சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள், சகோதரி. முதல் மருத்துவமனையின் சீட்டில் நிமோனியா என்று மட்டும் எழுதியிருந்தால், நைட்ரிக் அமிலப் புகையைச் சுவாசித்ததால் ஏற்பட்டது என்பதை இப்போதைய மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நைட்ரஸ் புகையால் உண்டாகும் நச்சு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாக இடம்பெற்றது. சிறு பட்டறைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் வரம்பிற்கு வெளியே இருந்ததால், நடைமுறையில் யாரும் அறிவிப்பதில்லை என்பது வேறு. இழப்பீடு கேட்பதாக இருந்தாலும், கேட்காமல் சிகிச்சைச் செலவை மட்டும் பட்டறை ஏற்க வேண்டும் என்று பேசுவதாக இருந்தாலும், காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். மாதங்கள் கழிந்த பிறகு அதை நிறுவுவது மிகவும் கடினம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தொழில்நல மையம் ஒன்று தேவனஹள்ளி வட்டத்தில் கண்ணமங்கலாவில் இயங்குகிறது. தொழில்சார் நோய்கள்தான் அவர்களுடைய ஆய்வுத் துறை. பட்டறை முதலாளிகளின் சங்கமாகச் சேர்ந்து அங்கே எழுதிக் கேட்கலாம்.

தம்பி பட்டறைக்குத் திரும்பும் நாள் வந்தால், கல் பதிப்பது, மெருகு போடுவது போன்ற வேலைகளைத் தரச் சொல்லுங்கள். திராவகம் காயும் நாளில் அவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. மொட்டை மாடியில் காய்ச்சினாலும், காற்று அசையாத நாளில் அது படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வரும்.

கேள்வியாளர்: அல்சூர் வாசகி

சி.டி. ஸ்கேன் வியாழக்கிழமை எடுக்கிறார்கள். மூச்சை வெளியே விட்ட நிலையிலும் எடுக்க வேண்டும் என்று மருத்துவரே சீட்டில் எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். ஸ்டீராய்டை நிறுத்தமாட்டோம். காரணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொன்னார்கள். பத்தர் ஐயா சொன்ன சுத்திகரிப்பாளர் முறையைத் தம்பி முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். கூலி எவ்வளவு ஆகும் என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.